எறிந்தது எத்தனை, விழுந்தது எத்தனை



2019 யூலையில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணம் நடந்தது. பதினாறு நாடுகள் ஆடின. அந்தத் தொடரில் மற்ற எல்லோரையும் விட அதிக கோல்கள் போட்டவர் நம்முடைய யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம். 348 கோல்கள். அதே தொடரில் இலங்கை அணிக்குக் கிடைத்தது பதினைந்தாம் இடம்.

அதிக கோல் போட்டவர் கடைசிக்கு முந்திய இடத்து அணியில் இருந்தார். அப்படியானால் அவர் அந்தத் தொடரின் மிகச் சிறந்த ஷூட்டரா, இல்லையா? கூடைப்பந்தாட்ட ரசிகர்கள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இதே கேள்வியை வைத்து வாதாடுகிறார்கள். ஸ்டீபன் கரியா, ரே அலனா, லரி பேர்டா என்று அவர்கள் கேட்பதும், தர்ஜினியா, ஜமேக்காவின் ஜனீல் ஃபவுலரா என்று நாம் கேட்பதும் ஒரே கேள்விதான். அதற்கு விடை சொல்லும் முறை ஒன்று வேண்டும். அந்த முறையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முறை சரியாக இருந்தால் நம் பாடசாலை அணிகளில் யாரைக் கோல் ஷூட்டராக நிறுத்துவது என்பதும் சரியாக வரும்.

தர்ஜினியைப் பற்றி யாழ்ப்பாணத்தில் மூன்று விதமான பேச்சுக் கேட்டிருக்கிறேன். ஒன்று, உலகத்திலேயே சிறந்தவர் அவர்தான் என்ற பெருமைப் பேச்சு. இரண்டாவது, "அவ அவ்வளவு உயரம்தானே, போடுறதுக்கு என்ன?" என்பது. மூன்றாவது, பெரிய நாடுகளுக்கு எதிராக ஆடினால் தெரியும் என்ற பேச்சு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவரும் எடை போட்டுப் பார்த்துச் சொன்னதில்லை. பெருமைப் பேச்சிலும் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் காரணம் சொல்லாத பெருமை அடுத்த பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுக்காது.

முதலில் இந்த இரண்டு விளையாட்டுகளின் உறவைச் சொல்லிவிடுகிறேன். 1891இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடை இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடக் கைபிடியில் ஆணியடித்துப் பொருத்தினார். பத்தடி உயரம். சில ஆண்டுகளுக்குள் அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களின் உடற்கல்விக் கல்லூரிகளில் வேறு விதிகளோடு வளர்ந்து வலைப்பந்தாட்டமாயிற்று. இன்றும் இரண்டிலும் வளையம் அதே பத்தடியில்தான், அதாவது 3.05 மீற்றரில் நிற்கிறது.

உயரம் ஒன்று, வளையம் வேறு. கூடைப்பந்து வளையத்தின் உள்விட்டம் 45 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. வலைப்பந்து வளையம் 38 சென்ரிமீற்றர், பந்து 22க்கும் 23க்கும் இடையில். கூடைப்பந்து வளையத்தின் நடுவால் போகும்போது இரு பக்கமும் பத்துச் சென்ரிமீற்றர் இடம் மிஞ்சும். வலைப்பந்தில் ஏழரை, எட்டு. பின்னால் பலகையும் கிடையாது. பலகை இருந்தால் சற்றுக் கூடிப்போன எறியும் பட்டுத் திரும்பி விழக்கூடும். நம் பிள்ளைகள் எறியும் வளையத்தில் கூடிப்போனது கூடிப்போனதுதான்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். வளையத்துக்குள் பந்து விளிம்பில் படாமல் விழ வேண்டுமானால் அது ஒரு குறைந்த சரிவிலாவது கீழிறங்க வேண்டும். கூடைப்பந்தில் அந்தச் சரிவு 32 பாகை. வலைப்பந்தில் 36, 37 பாகை. அதைவிடத் தட்டையாக வந்தால் விளிம்பில் இடித்தே தீரும். ஆகவே வலைப்பந்து ஷூட்டர் பந்தை உயர்த்தி எறியப் பழக வேண்டியவர். திறந்த மைதானத்தில், சோளகம் வீசும் மாதங்களில், உயர்ந்து போகும் பந்தைக் காற்று என்ன செய்யும் என்று கரையோரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உள்ளரங்கில் போடும் எண்பது சதவீதத்தையும் மே, யூன் மாதத்தில் திறந்த வெளியில் போடும் அறுபத்தைந்து சதவீதத்தையும் ஒரே தாளில் எழுதி, எண்பது பெரிது என்று தெரிவுசெய்வது அநியாயம்.

இனிச் சதவீதத்துக்கு வருவோம். ஷூட்டரை அளக்க எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான். எடுக்கவும் வேண்டும். ஆனால் சதவீதம் ஒன்றையே வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்.பி.ஏ.யின் வரலாற்றில் அருமையான உதாரணம் ஒன்று இருக்கிறது.

ஸ்டீவ் கெர் என்பவர் 1988 முதல் 2003 வரை பதினைந்து பருவங்கள் ஆடினார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து தன் வாழ்நாள் முழுவதும் 1,599 தடவை எறிந்து 726 போட்டார். 45.4 சதவீதம். என்.பி.ஏ.யில் அந்த அளவை இன்றுவரை எவரும் தாண்டவில்லை. அவர் ஓய்வுபெற்றுப் பயிற்றுநரான பிறகு, 2015-16 பருவத்தில், அவருடைய கோல்டன் ஸ்டேட் அணியில் ஆடிய ஸ்டீபன் கரி மூன்று புள்ளிக்காக 886 தடவை எறிந்து 402 போட்டார். அதையும் சதவீதமாக்கிப் பாருங்கள். அதே 45.4.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே எண். இருவரும் ஒரே தரத்து ஷூட்டர்கள் என்று சொல்வீர்களா?

கெர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு தடவைகூட மூன்று புள்ளிக்காக எறியவில்லை. அவருடைய பெயர்பெற்ற காலத்தில் பக்கத்தில் மைக்கல் ஜோர்தான் ஆடினார். எதிரணித் தடுப்பாளர்கள் ஜோர்தானை நோக்கி ஓடும்போது கெர் தனியே நின்று பந்தை வாங்கி எறிந்தார். 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அவர்களுடைய சிக்காகோ அணிக்கு வெற்றி தேடித்தந்த எறியும் ஜோர்தான் கொடுத்த பந்தில் வந்ததுதான். அதில் கெருக்கு எந்தக் குறைவும் இல்லை. தனியே நிற்கத் தெரிய வேண்டும், கிடைத்ததைத் தவறவிடாத கை வேண்டும், அந்த நேரத்தில் நடுங்காத மனம் வேண்டும்.

கரியின் கதை வேறு. அவர் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குப் பதினொரு தடவைக்கு மேல் எறிந்தார். எதிரணியின் முழுத் திட்டமும் அவரை எறியவிடாமல் தடுப்பதற்கே போடப்பட்டது. தட்டிக்கொண்டு ஓடிவந்து சட்டென்று நின்று எறிந்தார். கோட்டுக்கு ஓரிரண்டு மீற்றர் பின்னாலிருந்தும் எறிந்தார். எறிகளின் தொகையும் கடினமும் ஏறினால் சதவீதம் இறங்குவதுதான் இயல்பு. அது இறங்காமல் நின்றது. அதனால்தான் என் தீர்ப்பில் கரி முதலிடத்தில் இருக்கிறார். 2021 டிசெம்பரில் ரே அலனின் 2,973 என்ற மொத்தத்தைத் தாண்டினார் என்பதற்காக அல்ல. கூடிய எறிகள், கூடிய தூரம், கூடிய நெருக்கடி, இவை எல்லாவற்றுக்கும் பிறகும் கெரின் சதவீதம் என்பதற்காக.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். எத்தனை போட்டார், எத்தனை தவறவிட்டார் என்று எழுதுங்கள். எழுதிய கையோடு, அந்த எறி ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்த பந்து, யாருடைய கைக்குக் கீழே என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்காத கணக்கு, கெரையும் கரியையும் ஒன்றாக்கிவிடும். நம் ஊரில் அது இன்னும் மோசமான பிழைகளைச் செய்யும்.

"உயரம்தானே" என்ற பேச்சை இனி நேராக எடுக்கிறேன். தர்ஜினியின் உயரம் 208 சென்ரிமீற்றர். உயரம் உதவுகிறதா? உதவுகிறது, மறைக்க வேண்டியதில்லை. சாதாரண உயரமுள்ள பெண் பந்தைக் கைவிடும் இடம் வளையத்துக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் கீழே இருக்கும். இரண்டு மீற்றர் தூரத்திலிருந்து எறிகிறார் என்று வையுங்கள். பந்து விளிம்பில் படாமல் உள்ளே விழ அவர் குறைந்தது அறுபது பாகைச் சாய்வில் மேலே அனுப்ப வேண்டும். தர்ஜினியின் கை வளையத்துக்கு ஓரடியளவு மட்டுமே கீழே இருக்கிறது என்று கொண்டால் அவருக்கு நாற்பத்தாறு பாகை போதும். விசையும் குறைவு, பிழைக்கு இடமும் குறைவு. தடுப்பவர் கையை எவ்வளவு நீட்டினாலும் அவர் பந்தை விடும் உயரத்தை எட்டுவது அரிது.

ஆனால் உயரம் மட்டுமே கோலைப் போட்டுவிடும் என்றால் ஷகீல் ஓ'நீலை என்ன செய்வது? 2.16 மீற்றர் உயரம். எவரும் தடுக்காமல், கோட்டில் நின்று ஆறுதலாக எறியும் ஃபிரீ த்ரோவில் அவருடைய வாழ்நாள் சதவீதம் 52.7. வில்ட் சேம்பர்லேனும் அப்படித்தான், அவரும் மாமலைபோல் உயர்ந்தவர், 51.1. இருவரும் அந்த விளையாட்டின் மகத்தான ஆட்டக்காரர்கள். ஆனால் அமைதியாக நின்று எறியச் சொன்னால் இரண்டுக்கு ஒன்று தவறவிட்டார்கள். இதே இடத்தில் ரிக் பேரி என்பவர் இரண்டு கையாலும் இடுப்புக்குக் கீழிருந்து, பாட்டிமார் எறிவது என்று மற்றவர்கள் கேலிசெய்த முறையில் எறிந்து என்.பி.ஏ.யில் 89 சதவீதத்துக்கு மேல் போட்டார். அந்த முறையைப் பெரும்பாலானோர் பின்பற்றாததற்கு வெட்கம்தான் காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன்.

உயரம் ஷூட்டருக்குப் பந்தைக் கொண்டுவந்து தரும். விரலின் நிதானத்தைத் தராது. வலைப்பந்தாட்டத்தில் எறியும் கணம் ஏறக்குறைய ஃபிரீ த்ரோ மாதிரித்தான், ஆனால் அதைவிட நெருக்கமானது. பந்து கைக்கு வந்து மூன்று விநாடிக்குள் விட்டாக வேண்டும். தரையிறங்கிய காலை இழுக்கக் கூடாது. தடுப்பவர் 0.9 மீற்றர், பழைய கணக்கில் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். ஆனால் அங்கே நின்றபடி கையை உயர்த்தி எறியை மறிக்க முயல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு. இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே துள்ளிப் பந்தைப் பிடித்து, சமநிலையோடு இறங்கி, அந்தக் கைகளுக்கு மேலால் பார்த்து எறிய வேண்டும். பதினைந்து நிமிடப் பகுதிகள் நான்கு. ஒரு மணி நேரம் முழுக்க அந்த நிதானம் கலையக் கூடாது.

லிவர்பூலில் சிங்கப்பூரை இலங்கை 88க்கு 50 என்று வென்ற ஆட்டத்தை எடுங்கள். தர்ஜினி 78 தடவை எறிந்தார். 76 விழுந்தது. அறுபது நிமிடத்தில் 78 எறி என்றால் முக்கால் நிமிடத்துக்கு ஒன்று. தொண்ணூறு சதவீதம் போடும் ஷூட்டரை எவரும் குறைசொல்ல மாட்டார்கள். அப்படியான ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் எழுபது போட்டிருப்பார். அந்த மிச்ச ஆறு கோலை உயரம் போடவில்லை. சிறு வயதில் அந்த உயரத்துக்காகவே கேலிக்கு ஆளானவர் தர்ஜினி. கேலிசெய்த வாய்கள், பெயர் வந்த பிறகு அதே உயரத்தைக் காட்டித் திறமையைக் குறைத்தும் பேசுகின்றன. இரண்டும் அநியாயம் என்று இந்த மேடையில் நின்று சொல்ல விரும்புகிறேன்.

அந்த 88இல் 76 ஒருவரே போட்டது அணியின் பலவீனம் இல்லையா என்று கேட்கலாம். அணியின் அமைப்பைப் பற்றிய கேள்வி அது, நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்றுநர். ஷூட்டரைப் பொறுத்தவரை, பந்து தன்னிடம்தான் வரும் என்று எதிரணிக்குத் தெரிந்திருந்தும் பிடித்துப் போட்டார் என்பதே அவர் பெயரில் ஏற வேண்டியது. அந்தப் பந்தை அளவாக, தடுப்பாளர் தொடாத உயரத்தில், அவர் ஓடிவரும் நேரம் பார்த்து எறிந்து கொடுத்த நடுக்கள ஆட்டக்காரிகளின் பெயரும் சேர்ந்து ஏற வேண்டும். கோல் போட்டவரின் பெயர் அடுத்த நாள் பத்திரிகையில் வரும். பந்து கொடுத்தவரின் பெயர் வராது. பாடசாலை மட்டத்திலாவது இதை மாற்றலாம்.

சதவீதம் சொல்லாத இன்னொன்று, தவறிய பந்து எங்கே போகிறது என்பது. வலைப்பந்தில் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் எறிந்தவரே பிடித்து மறுபடி எறியலாம். ஒரு பிள்ளை எறிகிறாள், படுகிறது, பிடிக்கிறாள், மறுபடி எறிகிறாள், விழுகிறது. தாளில் இரண்டுக்கு ஒன்று, ஐம்பது சதவீதம். அணிக்கு வந்த பந்து ஒன்று, கிடைத்த கோலும் ஒன்று. எதுவும் நட்டமில்லை. வேறொரு பிள்ளையின் சதவீதம் எழுபது. ஆனால் தவறும் முப்பதும் எதிரணியின் கைக்குப் போகிறது. இருவரில் யார் அணிக்கு அதிகம் தருகிறார் என்பதைச் சதவீதத்தைப் பார்த்து அறிய முடியாது. கோல் வட்டத்துக்குள் வந்த பந்துகளில் எத்தனை கோலாயின என்று எண்ண வேண்டும். உயரமான ஷூட்டருக்கு இந்தக் கணக்கிலும் இலாபம் உண்டு. அதே சமயம், உயரமில்லாவிட்டாலும் வளையத்தின் அடிக்கு விரைந்து வந்து நிற்கத் தெரிந்த பிள்ளைக்கும் உண்டு. அந்தப் பிள்ளையைத்தான் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம்.

இனித் தெரிவுக்கு வருகிறேன். கோட்டம், வலயம், மாகாணம் என்று அணி அமைக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்குப் பத்துப் பந்து எறியச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. எட்டுப் போட்டவள் உள்ளே, ஏழு போட்டவள் வெளியே. தயவுசெய்து இந்தக் கணக்கைக் கேளுங்கள். உண்மையில் எழுபது சதவீதத் திறமையுள்ள பிள்ளை, பத்துப் பந்தில் எட்டோ அதற்கு மேலோ போடும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தெட்டு. பத்தில் நாலு தடவை அவள் தன் திறமையை விடக் கூடுதலாகத் தெரிவாள். அதேபோல் எண்பது சதவீதப் பிள்ளை ஏழோடு நிற்கும் நாள்களும் நிறைய வரும். பத்துப் பந்து அவர்களைப் பிரித்துக் காட்டாது. நூறு பந்து எறியவிட்டால், எழுபது சதவீதப் பிள்ளை எண்பதைத் தொடும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஒரே நாளில் நூறும் வேண்டாம். நான்கு மாலை, நாளுக்கு இருபத்தைந்து. ஒரு பிள்ளையின் இரண்டு மூன்று ஆண்டு விளையாட்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறோம். அதற்கு நான்கு மாலை பெரிய செலவு அல்ல.

இதோடு ஒட்டியது, "இண்டைக்கு அவளுக்குக் கை வாய்ச்சிருக்கு, அவளிட்டயே குடுங்கோ" என்ற நம்பிக்கை. மூன்று நான்கு தொடர்ந்து விழுந்தால் அடுத்ததும் விழும் என்பது. 1985இல் கிலோவிச், வலோன், த்வர்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் பிலடெல்ஃபியா கூடைப்பந்தாட்ட அணியின் எறிகளை எண்ணிப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை, மனிதர் தற்செயலில் ஒழுங்கைக் காண்கிறார்கள் என்று எழுதினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடம். பிறகு 2018இல் மில்லர், சான்ஹுர்ஹோ என்ற இருவர், அந்தக் கணக்கு முறையிலேயே நுட்பமான சாய்வு ஒன்று இருந்தது, அதைத் திருத்தினால் கை வாய்ப்பது உண்மையாகத் தெரிகிறது என்று காட்டினார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒவ்வோர் எறியையும் எழுதி வைத்திருந்த தாளிலிருந்துதான் வாதாடினார்கள் என்பதைக் கவனியுங்கள். நம்மிடம் வாதாடுவதற்கே தாள் இல்லை.

கடைசி விநாடி எறிகளைப் பற்றியும் ஒரு சொல். 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டு இறுதிப்போட்டியில் இங்கிலாந்தின் ஹெலன் ஹவுஸ்பி கடைசி விநாடியில் போட்ட கோலால் அவுஸ்திரேலியா 52க்கு 51 என்று தோற்றது. அதைப் பார்த்தவர் எவரும் மறக்க மாட்டார்கள். மறக்கவும் வேண்டாம். ஆனால் அந்த ஒன்றுக்கு முந்திய ஐம்பத்தொன்றில் எது குறைந்திருந்தாலும் இந்த ஒன்றுக்கு வேலையே இல்லை. நினைவில் நிற்கும் எறியை வைத்துத் தரம் பிரிப்பவர், மறந்துபோன ஐம்பதைப் போட்டவளுக்குக் கடன்காரர்.

இனித் தர்ஜினியைப் பற்றி என் தீர்ப்பு. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகத் தொடரில் சிறந்த ஷூட்டர் என்ற பெயர் பெற்றார். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணிகளில் இருந்தார். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கில் சிற்றி வெஸ்ட் ஃபல்கன்ஸ் அணிக்கு ஆடினார். வெளிநாட்டு லீக் ஒன்றில் ஆடுவது இலங்கை வலைப்பந்தாட்டத்துக்கு அதுவரை பழக்கமில்லாத செய்தி. நாற்பது வயதைக் கடந்த பிறகு, 2023இல், கேப் டவுன் உலகக் கிண்ணத்திலும் நின்றார். இத்தனைக்கும் அவருடைய பாடசாலைக் காலம் போர்க்காலம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் வீட்டைவிட்டு வெளியேறிய காலம் அது. அந்தத் தலைமுறைக்கு மைதானமும் வளையமும் எவ்வளவு கிடைத்தன என்பது இங்கிருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும்.

கிட்டிய தூரத்திலிருந்து, கூடிய எண்ணிக்கையில், தவறாமல் எறிவதில் அவருக்கு இணையானவர்கள் உலகத்தில் மிகச் சிலர். என் பட்டியலில் ஃபவுலர் அவருக்கு மேலே நிற்கிறார், காரணத்தோடு சொல்கிறேன். ஃபவுலர் 2018 முதல் அவுஸ்திரேலியாவின் சுப்பர் நெட்போல் லீக்கில் வெஸ்ட் கோஸ்ட் ஃபீவர் அணிக்கு, வாரத்துக்கு வாரம், உலகத்தின் மிகச் சிறந்த தடுப்பாளர்களுக்கு எதிராக ஆடித் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போட்டுவந்தார். தென்னாபிரிக்காவில் தொடங்கி நியூசிலாந்துக்கு ஆடிய ஐரீன் வான் டைக்கும், 190 சென்ரிமீற்றர் உயரத்தோடு, அப்படியான கைகளுக்குக் கீழே பல ஆண்டுகள் ஆடியவர். தர்ஜினிக்கு அந்தச் சோதனை போதுமான தடவை கிடைக்கவில்லை. அவர் அதில் தோற்றார் என்று இதற்குப் பொருளில்லை. கிடைக்காத பரீட்சைக்கு எவரும் புள்ளி போடவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பெரிய நாடுகளுக்கு எதிராக ஆடினால் தெரியும் என்று சொல்பவர்கள், அவர் இளமையில் இருந்தபோது அந்த ஆட்டங்களை அவருக்கு ஏற்படுத்திக் கொடுக்காதவர்களைப் பார்த்துப் பேச வேண்டும்.

தூரத்தில் இருந்து எறிவது என்பது வேறு திறமை. நியூசிலாந்தின் மரியா ஃபொலாவை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் ஆரை 4.9 மீற்றர். அந்த ஓரத்தில் நின்று போடும் ஒன்றுக்கும் வளையத்தடியில் போடும் ஒன்றுக்கும் விதியில் ஒரே புள்ளிதான். கூடைப்பந்தில் என்.பி.ஏ. 1979-80 பருவத்தில் மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த லீக்கில் தூரத்துக்கு விலை வந்தது. கரி போன்ற ஒருவர் உருவாக அந்தக் கோடு வேண்டியிருந்தது. வலைப்பந்தில் சுப்பர் நெட்போல் 2020 முதல், ஒவ்வொரு காற்பகுதியின் கடைசி ஐந்து நிமிடத்தில், மூன்று மீற்றருக்கு அப்பாலிருந்து போடுவதற்கு இரண்டு புள்ளி கொடுக்கிறது. பல பழைய ஆட்டக்காரிகளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கும் வட்டத்துக்குள் ஓர் இடம் இருக்கிறது என்று அந்த விதி சொல்கிறது. தர்ஜினியைப் போல் இன்னொரு உயரமான பிள்ளை எப்போது வருவாள் என்று காத்திருக்க நம்மால் முடியாது. நம் மைதானங்களில் இப்போது நிற்பவர்கள் இந்த உயரத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து வலயங்களிலிருந்தும் வந்திருக்கும் பொறுப்பாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு வலயப் போட்டிகளிலேயே தொடங்கலாம். ஆட்டத்துக்கு ஒரு மாணவியை, ஆடாத ஒருத்தியை, கோல் வட்டத்துக்கு அருகில் தாளும் பென்சிலுமாக இருத்துங்கள். தாளில் அரைவட்டம் ஒன்று வரைந்து, உள்ளே மூன்று மீற்றரில் இன்னொரு கோடு போடுங்கள். எறிந்த இடத்தில், விழுந்தால் புள்ளி, தவறினால் குறுக்குக் கோடு. பக்கத்தில் பந்து கொடுத்தவளின் சட்டை எழுத்து. தவறிய பந்தை யார் பிடித்தார்கள் என்பதற்கு ஓர் அடையாளம். காற்று வீசியதா என்பதற்கு மேலே ஒரு வரி. இவ்வளவுதான். மாகாணத் தெரிவுக்கு வரும்போது அந்தத் தாள்களையும் கொண்டுவாருங்கள். பத்துப் பந்துத் தேர்வை வைக்க வேண்டியிருந்தால் வையுங்கள், ஆனால் மேசையில் அந்தத் தாள்கள் முதலில் இருக்கட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.